தேவையிலிருந்து தொடங்கியவர்

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பே சிராங்கூன் சாலை ஒளிவெள்ளத்தில் மிதக்கத் தொடங்கிவிடும். சாலைக்கு மேலே வண்ண விளக்குத் தோரணங்கள் மின்னும். பூக்கடை, நகைக்கடை, துணிக்கடை என எல்லாக் கடைகளிலும் இரவு நெடுநேரம் விளக்குகள் எரியும். தேக்கா சந்தையில் உணவுக் கடைகளின் மின்விசிறிகள் சுழன்றுகொண்டே இருக்கும். இந்த அழகைக் காண வருபவர்கள் பல்லாயிரம் பேர். ஆனால், அந்த விளக்குகளுக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லிட்டில் இந்தியாவின் ஓரமாகச் செல்லும் மெக்கன்சி சாலையில் ஒரு மின்நிலையம் இருந்தது. 1905ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய டிராம் வண்டிகளுக்காக அது அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் நகரின் சில தெருக்களும் அந்த மின்சாரத்தால் ஒளி பெற்றன. இன்று சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அந்த எரிவாயு நம் மண்ணில் கிடைப்பதன்று. அண்டை நாடுகளிலிருந்து குழாய் வழியாகவும் தொலைதூர நாடுகளிலிருந்து கப்பல் வழியாகவும் அது வருகிறது. அதை எரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. அதனால், கரிம வெளியேற்றத்தை 2050ஆம் ஆண்டுக்குள் நிகர அளவில் சுழியமாக்கச் சிங்கப்பூர் உறுதி பூண்டுள்ளது.

அந்த இலக்கை அடையும் வழிகளைத் தீர்மானிப்பது எளிதன்று. மின்சாரம் தடைபடக்கூடாது. அதன் விலை எளிய குடும்பங்களைத் துன்புறுத்தக்கூடாது. சுற்றுப்புறமும் கெடக்கூடாது. பொறியாளர் மட்டும் இதற்கு விடை காண முடியாது. பொருளாதார வல்லுநர் மட்டும் காண முடியாது. பல துறை அறிஞர்கள் ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டும். அந்த ஆய்வு மக்களின் வாழ்க்கையை அறிந்ததாகவும் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதை உணர்ந்து செயல்பட்ட அறிஞர்களுள் ஒருவர் இந்தியாவைச் சேர்ந்த அமுல்யா ரெட்டி.

ஆய்வுக்கூடத்தில்

அமுல்யா குமார் நாராயண ரெட்டி 1930ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பெங்களூருவில் பிறந்தார். அங்கேயே பட்டப்படிப்பை முடித்த அவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வு செய்து, 1958ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் தேர்ந்தெடுத்த துறை மின்வேதியியல். வேதி மாற்றத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை இது. கைப்பேசியின் மின்கலம் மின்சாரத்தைச் சேமிப்பதும், இரும்பு துருப்பிடிப்பதும் இத்துறையைச் சேர்ந்த செய்திகளே.

தாயகம் திரும்பிய ரெட்டி, தமிழ்நாட்டின் காரைக்குடிக்கு வந்தார். அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்தது. அங்குப் பணியாற்றிய பிறகு, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1966ஆம் ஆண்டில் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். ஜான் பாக்ரிஸ் என்னும் அறிஞருடன் இணைந்து அவர் எழுதிய மின்வேதியியல் நூல் 1970ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகின் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் அதைப் பாடநூலாகப் படித்தார்கள்.

நாற்பது வயதில் ரெட்டி தம் துறையில் உலகறிந்த பெயராகிவிட்டார். அதே பாதையில் தொடர்ந்திருந்தால் மேலும் பல சிறப்புகளைப் பெற்றிருப்பார். ஆனால், ஒரு கேள்வி அவரை உறுத்தத் தொடங்கியது. நாட்டில் இத்தனை ஆய்வுக்கூடங்கள் உள்ளன. இத்தனை அறிஞர்கள் உள்ளனர். அவர்களுடைய உழைப்பின் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது? நகரத்தில் வாழும் வசதி படைத்தவர்களுக்கே பெரும்பாலும் சேருகிறது என்று அவருக்குத் தோன்றியது. பெங்களூருவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருந்த சிற்றூர்களில், அறிவியல் தொட்டும் பார்க்காத அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே

1973ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. சில மாதங்களில் அது ஏறத்தாழ நான்கு மடங்கானது. எரிசக்தி என்பது ஒவ்வொரு நாட்டின் தலையாய கவலையாக மாறியது. ரெட்டி அக்காலத்தில் நைரோபியில் உள்ள ஐக்கிய நாட்டுச் சுற்றுப்புறத் திட்ட அமைப்பில் சிறிது காலம் பணியாற்றினார். 1974ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு புதிய அமைப்பைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். அதன் பெயர் அஸ்திரா. இயந்திரப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், வேதியியலாளர், சூழலியலாளர் எனப் பல துறையினர் அதில் ஒன்றுசேர்ந்தனர்.

மின்வேதியியலை விட்டுவிட்டு அடுப்பையும் சாணத்தையும் ஆராய்வது ஓர் உலகறிந்த அறிஞருக்கு ஏற்ற வேலையா என்று கேட்கத் தோன்றலாம். ஆனால், அடுப்பு பற்றிய கேள்வியும் கடினமான அறிவியல் கேள்விதான் என்பதை ரெட்டியின் குழு செய்துகாட்டியது. நாட்டின் எரிசக்தித் தேவையைக் கணக்கிட்ட அரசு அறிக்கைகள் நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் ஆகியவற்றையே பெரிதும் பேசின. சிற்றூர் மக்கள் எவற்றை, எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற தெளிவான கணக்கு இல்லை. தெரியாததற்குத் திட்டம் தீட்ட முடியாது. எனவே, முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்று குழுவினர் முடிவு செய்தனர்.

அளப்பதற்குத் தேர்ந்தெடுத்த ஊர்களுள் ஒன்று, கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உள்ள புரா. 1977ஆம் ஆண்டில் அங்கு 56 குடும்பங்களில் 357 பேர் வாழ்ந்தனர். ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் எரிக்கும் விறகை எடைபோட்டார்கள். விறகும் தண்ணீரும் கொண்டுவர எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டார்கள். மனிதர்களின் உழைப்பு, மாடுகளின் உழைப்பு, மண்ணெண்ணெய், மின்சாரம் ஆகிய அனைத்தையும் ஒரே அளவைக்கு மாற்றிக் கணக்கிட்டார்கள்.

கிடைத்த முடிவுகள் பலரையும் சிந்திக்க வைத்தன. அந்தச் சிற்றூர் ஆண்டுக்கு ஏறத்தாழ 217 டன் விறகை எரித்தது. அதில் மிகச் சிறு பகுதியே விலை கொடுத்து வாங்கப்பட்டது. மீதியெல்லாம் நடந்து சென்று பொறுக்கிச் சுமந்து வந்தது. ஊருக்குள் மின்கம்பி வந்திருந்தது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஊர் மக்களின் மொத்த உடலுழைப்பில் ஆண்களின் பங்கு 31 விழுக்காடு. பெண்களின் பங்கு 53 விழுக்காடு. சிறுவர் சிறுமியரின் பங்கு 16 விழுக்காடு. விறகு சுமக்கும் சிறுமி பள்ளிக்கு வராமல் போவதும் எரிசக்திப் பிரச்சினையின் ஒரு பகுதிதான் என்பதை இந்த எண்கள் காட்டின. இக்கணக்கை வேதியியல் மட்டுமோ பொருளியல் மட்டுமோ கண்டுபிடித்திருக்க முடியாது. இரண்டும் சமூகவியலோடு கைகோத்ததால்தான் அது வெளிப்பட்டது.

அஸ்திரா குழுவினர் குறைந்த விறகில் அதிக வெப்பம் தரும் புகைபோக்கி அடுப்பை வடிவமைத்தனர். கன்னட மொழியில் அடுப்பை ஒலே என்பர். அதனால், அந்த அடுப்பு அஸ்திரா ஒலே என்று பெயர் பெற்றது.

தோல்வி கற்றுத்தந்த பாடம்

புரா மக்களுக்குப் புகையில்லாத எரிபொருள் கிடைக்க வேண்டும் என்று குழுவினர் விரும்பினர். மாட்டுச் சாணத்தைக் காற்றுப்புகாத கலனில் இட்டு நொதிக்க வைத்தால் எரியும் வாயு உண்டாகும். அதைச் சாண எரிவாயு என்கிறோம். ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு பெரிய சாண எரிவாயுக் கலன் கட்டப்பட்டது. வீடுகளில் சமைப்பதற்கு அந்த வாயுவைத் தருவதே திட்டம்.

திட்டம் வெற்றி பெறவில்லை. எல்லா வீடுகளின் சமையலுக்கும் போதுமான வாயுவைத் தரும் அளவுக்கு ஊரில் சாணம் கிடைக்கவில்லை. அரைகுறையாகக் கிடைத்த வாயுவால் மக்களுக்குப் பயனும் இல்லை, ஆர்வமும் குறைந்தது. நல்ல அறிஞர்கள், நல்ல எண்ணம், சரியான அறிவியல் ஆகிய எல்லாம் இருந்தும் கலன் பயனின்றிப் போனது.

ரெட்டி இந்தத் தோல்வியை மறைக்கவில்லை. பின்னாளில் தம் கட்டுரைகளில் அதை வெளிப்படையாக எழுதினார். மக்கள் எதை முதலில் விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம். கேட்டபோது, புரா மக்கள் முதலில் விரும்பியது குடிநீரை. அடுத்து விரும்பியது வெளிச்சத்தை.

கலன் அதேதான், பயன் மாறியது. சாண எரிவாயுவோடு சிறிதளவு டீசலையும் கலந்து ஓர் இயந்திரத்தை ஓட்டினர். அதிலிருந்து கிடைத்த மின்சாரம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீரை இறைத்தது, வீடுகளில் விளக்கேற்றியது. 1987ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு இயங்கியது. கலனை இயக்கும் பொறுப்பை ஊர் இளைஞர்கள் ஏற்றனர். சாணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குச் சிறு தொகை தரப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். வாயு எடுத்த பிறகு எஞ்சிய சாணக் கூழ் வயலுக்கு உரமாகத் திரும்பியது. தண்ணீருக்காகக் குடத்தோடு நடந்த பெண்கள், வீட்டருகிலேயே குழாயில் தண்ணீர் பிடித்தனர்.

ஒரு கிலோவாட் கணக்கு

சிற்றூரில் கற்ற பாடத்தை ரெட்டி உலக அளவில் பொருத்திப் பார்த்தார். பிரேசில் நாட்டின் ஓசே கோல்டம்பர்க், சுவீடன் நாட்டின் தாமஸ் ஜோகன்சன், அமெரிக்காவின் ராபர்ட் வில்லியம்ஸ் ஆகியோர் அவருடன் சேர்ந்தனர். நான்கு கண்டங்களைச் சேர்ந்த நால்வரும் ஒரே கேள்வியை ஆராய்ந்தனர். ஏழை நாட்டு மக்கள் நல்ல வாழ்க்கை வாழ உண்மையில் எவ்வளவு எரிசக்தி தேவை?

1985ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அதற்கு ஒரு விடை தந்தது. ஒருவருக்குச் சராசரியாக ஒரு கிலோவாட் போதும் என்பதே அந்த விடை. பத்து 100 வாட் மின்விளக்குகள் இரவும் பகலும் எரிவதற்கு ஆகும் அளவு அது. சமையல், போக்குவரத்து, தொழிற்சாலை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். சிக்கனமாக இயங்கும் சிறந்த கருவிகளைப் பயன்படுத்தினால், 1970களில் மேற்கு ஐரோப்பிய மக்கள் பெற்றிருந்த வசதிகளை அந்த அளவிலேயே பெறலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர். விறகு அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகிறது. பழைய வகைக் குண்டு விளக்கு, மின்சாரத்தின் பெரும்பகுதியை ஒளியாக்காமல் வெப்பமாக்குகிறது. இந்த வீணடிப்பைக் குறைத்தாலே வளர்ச்சிக்கு வழி பிறக்கும்.

1988ஆம் ஆண்டில் நால்வரும் நீடித்த உலகுக்கான எரிசக்தி பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டனர். ஐக்கிய நாட்டு அமைப்பின் துணையோடு பருவநிலை மாற்றத்தை ஆராயும் அனைத்துலக அரசாங்கக் குழு தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அரசின் முன் ஒரு மாற்றுத் திட்டம்

1987ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் குழு ஒன்று, 2000ஆம் ஆண்டுக்குள் மாநிலத்திற்குத் தேவைப்படும் மின்சாரத்தைக் கணித்தது. கடந்த காலத்தில் தேவை வளர்ந்த வேகத்தைக் கொண்டு, வருங்காலத் தேவையை அது கணக்கிட்டது. அதன்படி மின்சார உற்பத்தியைப் பலமடங்கு பெருக்க வேண்டும். நிலக்கரி, அணுசக்தி ஆகியவற்றால் இயங்கும் பெரிய மின்நிலையங்களைக் கட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவோ மாநிலத்தின் கைக்கு எட்டாதது. அத்தனை செலவு செய்தாலும் மின்தட்டுப்பாடு முற்றாகத் தீராது.

ரெட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்கை மறுமுனையிலிருந்து போட்டனர். மக்களுக்கு வேண்டியது மின்சாரம் அன்று. வெளிச்சம், குளிர்ச்சி, வெந்நீர், வயலுக்குத் தண்ணீர் ஆகியவையே வேண்டும். மின்சாரம் அவற்றுக்கு ஒரு வழி மட்டுமே. ஒவ்வொரு தேவையையும் குறைந்த எரிசக்தியில் எப்படி நிறைவு செய்யலாம் என்று அவர்கள் ஆராய்ந்தனர். குண்டு விளக்குகளுக்குப் பதிலாகச் சிக்கன விளக்குகள்; மின்சார வெந்நீர்க் கலன்களுக்குப் பதிலாகச் சூரிய வெப்பக் கலன்கள்; வீணடிப்பு இல்லாத நீரிறைக்கும் இயந்திரங்கள். இவற்றோடு மாநிலத்தின் எல்லா வீடுகளுக்கும் மின்விளக்கு என்பதையும் அவர்கள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டனர். இவ்வளவு செய்தும், அரசுக் குழு சொன்னதில் ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரமே போதும் என்ற முடிவு கிடைத்தது. செலவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நிலக்கரியை எரிப்பது குறைவதால் கரியமில வாயுவும் பெருமளவு குறையும். இந்த ஆய்வுமுறைக்கு அவர்கள் டிஃபெண்டஸ் என்று பெயரிட்டனர்.

அந்தத் திட்டம் அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. பெரிய மின்நிலையங்களே வளர்ச்சியின் அடையாளம் என்று நம்பியவர்கள் பலர். விளக்கை மாற்றுவதும் நீரிறைக்கும் குழாயைச் சீர்செய்வதும் அவர்களுக்குச் சிறிய வேலைகளாகத் தெரிந்தன. அணுமின்சாரத்தின் செலவு பற்றி ரெட்டி எழுப்பிய கேள்விகளும் கடும் விவாதத்தைக் கிளப்பின. அவர் பின்வாங்கவில்லை, தம் கணக்கை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கட்டும் என்று விட்டார். எரிசக்தித் திட்டத்தைப் பற்றிய விவாதம் வல்லுநர்களின் மூடிய அறையிலிருந்து பொதுமக்களின் மேடைக்கு வருவதற்கு அது உதவியது.

1991ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற ரெட்டி, அதே ஆண்டில் அனைத்துலக எரிசக்தி முயற்சி என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஆசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களின் வளரும் நாடுகளுக்கான எரிசக்தி ஆய்வை அது வளர்த்தது. அந்த நாடுகளின் அறிஞர்கள் எழுதுவதற்கு ஓர் ஆய்விதழையும் நடத்தியது. 2000ஆம் ஆண்டில் ரெட்டிக்கும் அவருடைய மூன்று நண்பர்களுக்கும் வால்வோ சுற்றுப்புற விருது வழங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அவர் பெங்களூருவில் காலமானார்.

நம் வீட்டில்

அடுத்த ஆண்டு, அதாவது 2007இல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கும் ரெட்டிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும், எரிசக்தியின் பொருளியல், சுற்றுப்புறம், பாதுகாப்பு ஆகியவற்றை ஆராய்பவர்கள் அங்கு ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றத் தொடங்கினர். அரசாங்கம் எடுக்கும் முடிவுகளுக்கு அத்தகைய ஆய்வு துணைநிற்கிறது. 2019ஆம் ஆண்டில் தென்கிழக்காசியாவிலேயே முதன்முதலாகச் சிங்கப்பூர் கரிம வரியை அறிமுகப்படுத்தியது. 2021ஆம் ஆண்டில் தெங்கே நீர்த்தேக்கத்தில் 122,000 சூரிய சக்தித் தகடுகள் மிதக்கத் தொடங்கின. நிலப்பரப்பு குறைந்த நாட்டில் தகடுகளை நீரின் மேல் அமைக்கலாம் என்று எண்ணியதற்குப் பின்னாலும் பல துறைகளின் அறிவு இருக்கிறது.

ஆயினும், ரெட்டி கற்பித்த பாடம் மின்நிலையத்தோடு முடிவதில்லை. நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலும் குளிரூட்டியிலும் சரிக்குறிகள் கொண்ட ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கும். 2008ஆம் ஆண்டிலிருந்து அந்த அட்டை இங்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. குறிகள் கூடக்கூட, அதே குளிர்ச்சியை அந்தக் கருவி குறைந்த மின்சாரத்தில் தருகிறது என்று பொருள். கடையில் கருவி வாங்கும்போது பெற்றோருடன் சேர்ந்து அந்தக் குறிகளை எண்ணும் மாணவர், புரா சிற்றூரில் விறகை எடைபோட்ட ஆய்வாளர்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார். நமக்கு எது தேவை? அதற்கு எவ்வளவு போதும்?